அவசர நிதி

பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி கொடுத்த கடிதத்தை அவன் லேமினேட் செய்து எடுத்து வந்தான். ஆறு வருஷத்தில் அவன் தேவையில்லாமல் செய்த முதல் செலவு அதுதான். பத்தாவது படிக்கும் மகள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உங்க கல்யாண போட்டோவுக்கே பிரேம் இல்ல, இதுக்கு பிளாஸ்டிக் உறையாப்பா?" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரிக்கும்போது வலப்பக்கம் ஒரு பல் இல்லாதது தெரிந்தது. அடைப்பதற்கு ஆகும் செலவைவிடப் பிடுங்குவதற்கு ஆகும் செலவு குறைவு என்று போன பல் அது.

அவன் லிப்ட் மெக்கானிக். அவன் மனைவி பள்ளிக்கூடப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தாள். நண்பன் ஒருவனோடு சேர்ந்து லிப்ட் உதிரிபாகங்களுக்கு ஒரு கடை போடலாம் என்று அவன் கிளம்பியதில் வந்த கடன் அது. ஒன்றரை வருஷத்தில் நண்பன் போனை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டான். இரண்டு தனிநபர் கடன், ஒரு கிரெடிட் கார்டு, ஐந்து பேரிடம் கைமாற்று என்று எல்லாம் இவன் தலையில் விழுந்தது. முதலில் போன் செய்தார்கள். பிறகு வீட்டுக்கு வந்தார்கள். கடைசியில் ஒருநாள் காலை, பள்ளிக்கூட வாசலில் அவளுடைய பேருந்து வந்து நின்றபோது, நன்றாக உடுத்திய இரண்டு பேர் படிக்கட்டின் பக்கத்தில் காத்திருந்தார்கள். சத்தம் போடவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்து ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்கள். "உங்க ஆன்ட்டி எங்களுக்குப் பணம் தரணும், செல்லம். அதான் வந்திருக்கோம்" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னதை அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். மறுநாள் ஒரு பெரிய வெள்ளை அட்டை வாங்கி வந்து, எல்லாக் கடனையும் அதில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினான். சின்னக் கடனிலிருந்து தொடங்கினான். மோட்டார் சைக்கிள் போனது. டிவி இணைப்பு போனது. டீக்கடை போனது, சிகரெட் போனது, சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்வருவதும் போனது. ஒவ்வொரு கடன் தீரும்போதும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு கிழிப்பான். அவளுக்கு அந்தக் கோடுகளைப் பார்க்கப் பிடித்திருந்தது. இவ்வளவு உறுதியான ஒருவனோடுதான் வாழ்கிறோம் என்பது கடன் வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

கடிதம் வந்த மறுமாதம், சம்பளத்தன்று, அவள் மெதுவாகக் கேட்டாள். "பிரிட்ஜ் கதவு சாத்தவே மாட்டேங்குது. இந்த மாசம் பார்க்கலாமா?"

"அதே தொகையை அப்படியே எடுத்து வைப்போம்" என்றான் அவன். "கடன் இன்னும் இருக்குன்னே நெனச்சுக்க. ஆனா நமக்கே கட்டுறோம். ஆறு மாசத்துக்கான செலவு கையில இருந்துட்டா யாரும் நம்ம வாசல்ல வந்து நிக்க முடியாது."

நியாயமாகத்தான் இருந்தது. அவன் சொன்ன எதுவுமே நியாயமில்லாமல் இருந்ததில்லை. பேருந்து ஓட்டுநரிடம் அவள் இதைச் சொன்னபோது, "உங்க வீட்டுக்காரர் காலைத் தொட்டுக் கும்பிடணும்மா. என் மச்சானை அவர்கிட்ட ஒரு மாசம் விட்டா உருப்படுவான்" என்றார் அவர். பிரிட்ஜ் கதவைச் சணல் கயிற்றால் கட்டிப் பழகிக்கொண்டார்கள்.

அவசர நிதி என்று அவன் அதற்குப் பெயர் வைத்தான். தொகை ஆறு மாதச் செலவுக்கு வந்ததும், மகளும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, "ஒரு வருஷம்னு வெச்சுக்குவோம். ஆறு மாசத்துல என்ன வேலை கிடைச்சிடும்?" என்றான். கை வைக்கத் தோன்றக் கூடாது என்பதற்காக மொத்தத்தையும் இரண்டு பேர் பெயரிலும் டெபாசிட்டாகப் போட்டான். எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் நல்ல ஏற்பாடாகத்தான் அப்போது தோன்றியது.

எப்போதிலிருந்து என்று அவளால் சரியாகச் சொல்ல முடியாது. ஒருநாள் தண்ணீர் டம்ளர் அவன் கையிலிருந்து நழுவியது. இன்னொரு நாள் சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டிருந்தான். எந்த மூடியையும் ஒரே திருகில் திறப்பவன், ஊறுகாய் பாட்டிலை மகளிடம் நீட்டி, "நீ திற பார்க்கலாம், பலம் இருக்கான்னு பார்ப்போம்" என்றான். மகள் அதை விளையாட்டு என்று நினைத்தாள். மனைவி அப்படி நினைக்கவில்லை. கேட்டபோது, "ராத்திரி கை மேல படுத்துட்டேன்" என்றான். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னான்.

அவனோடு வேலை செய்பவனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஒருநாள் மதியம், பேருந்துகள் நிற்கும் கொட்டகைக்கே அவளைத் தேடி வந்தான். எப்போது பார்த்தாலும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற ஆள். அன்று தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே நின்றான்.

"அண்ணி, நான் சொன்னேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. போன வாரம் நான் கீழே லிப்ட் குழியில இருந்தேன். அண்ணன் மேல, லிப்ட் கூண்டு மேல நின்னு போல்ட் இறுக்கிக்கிட்டு இருந்தாரு. ஸ்பானர் கையை விட்டு விழுந்துடுச்சு. ஏழு மாடி. என் காதுகிட்ட காத்து அடிச்சுது அண்ணி."

"கை தவறியிருக்கும்" என்றாள் அவள். வாய்தான் சொன்னது.

"இது மூணாவது தடவை." நெட்டை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "விழுந்ததே அவருக்குத் தெரியல. சத்தம் கேட்டுத்தான் கையைப் பார்த்தாரு. ஆபீஸ்ல சொன்னா மேல ஏற விடமாட்டாங்க, மேல ஏறுறதுக்குத் தர்ற படிக்காசு போயிடும், சொல்லாதடான்னு கெஞ்சுறாரு. எனக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்கு."

அவன் போன பிறகு அவள் காலியாக நின்ற பேருந்துக்குள் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். வெயிலில் காய்ந்த ரெக்சின் தொடையைச் சுட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் குளிக்கப் போயிருந்தபோது அவனுடைய பர்ஸைத் திறந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் செய்யாத காரியம். மருத்துவரின் சீட்டு நாலாக மடித்து உள்ளறையில் இருந்தது. கழுத்து எலும்பு நரம்பை அழுத்துகிறது போலிருக்கிறது, உடனே ஸ்கேனும் நரம்புப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. 'உடனே' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடுகள். தேதி ஐந்து மாதத்துக்கு முந்தியது. பின்பக்கத்தில் அவன் தன்னுடைய கையெழுத்தில் செலவை எழுதியிருந்தான். அவனுடைய ஒன்றரை மாதச் சம்பளம். அதற்குக் கீழே 'மார்ச்சுக்குப் பிறகு' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடித்திருந்தான். 'ஜூனுக்குப் பிறகு' என்பதையும் அடித்திருந்தான். 'ஒரு வருஷ நிதி முடிந்ததும்' என்பது மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே வந்திருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன், அவள் கையில் சீட்டைப் பார்த்ததும் நின்றான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்திருப்பான்.

"அவசரத்துக்குன்னுதானே சேர்க்கிறோம்?" என்றாள். "இது அவசரம் இல்லையா?"

"வலியே இல்லம்மா. மரத்துப் போகுது, அவ்வளவுதான். இன்னும் நாலு மாசம்."

"நாலு மாசத்துல ஸ்பானர் நெட்டை தலையில விழுந்தா?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். ஈரத் துண்டு மடியில் கிடந்தது. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னான். "ஒரு தடவை கை வெச்சா, அப்புறம் ஒவ்வொண்ணுக்கா எடுப்போம். எனக்குத் தெரியும். அது கரைஞ்சதும் அவங்க வருவாங்க. பிள்ளைங்களைக் கைபிடிச்சு இறக்கிவிடுவாங்க. எனக்குக் கை போனாலும் பரவாயில்ல. அது மறுபடி நடக்கக் கூடாது."

இத்தனை வருஷமாக அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தான் மறக்கத் தொடங்கிய ஒன்றோடு இவன் ஒவ்வொரு நாளும் குடியிருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பரிதாபமாக இருந்தது. பரிதாபத்துக்கு அடியில் பயமாகவும் இருந்தது.

"நாளைக்கு நீங்க பேங்க்குக்கு வரலைன்னா, நானே உங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லிடுவேன்" என்றாள்.

அவன் வந்தான். வங்கியில் கூட்டமில்லை. கவுண்டரில் இருந்த இளம்பெண் டெபாசிட்டை உடைப்பதற்கான படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். முதலில் அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு அவன் பேனாவை எடுத்தான். விரல்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் முதல் எழுத்தின் வளைவு பாதியிலேயே நீண்டு கோடாகப் போனது. கவுண்டர் பெண் கணினித் திரையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"சார், பொருந்தல. இன்னொண்ணு போடுங்க."

இன்னொன்று போட்டான். அதுவும் பொருந்தவில்லை. அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பழகிவிட்டு வரச் சொன்னாள். அவன் மேசையில் உட்கார்ந்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினான். மறுபடி எழுதினான். தாள் நிறைந்தது. ஒன்றுகூட மற்றொன்றைப் போல இல்லை. அவன் காதோரம் வியர்வை இறங்கியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவதுபோல நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேலாளர் வந்து பார்த்தார். அன்பாகத்தான் பேசினார். "கைக்கு இப்படி ஆயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க சார். ஸ்கேன் ரிப்போர்ட்டோட. கைரேகை வெச்சு முடிச்சிடலாம்."

"அந்த ஸ்கேன் எடுக்கத்தான் சார் பணம்" என்றாள் அவள்.

"புரியுதும்மா. உங்க பணத்தோட பாதுகாப்புக்குத்தானே இதெல்லாம்."

அப்போது அவனுடைய போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தான். ஒரு குடியிருப்பில் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறார்கள். அவன் எழுந்து கருவிப் பையைத் தேடினான்.

"போகாதீங்க. நெட்டை போகட்டும்."

"நெட்டை ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கான். வர முக்கால் மணி நேரம் ஆகும். உள்ள ஒரு அம்மாவும் கைக்குழந்தையும் இருக்காங்களாம்."

"உங்க கையால என்ன பண்ணப் போறீங்க?"

அவன் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

அவள் எழுந்திருக்கப் போனாள். கவுண்டர் பெண் அவள் பக்கமாகக் குனிந்து, குரலைத் தணித்தாள். "மேடம், ஒரு நிமிஷம். உங்க பேர்ல பார்த்தேன். ஒரு பாக்கிகூட இல்லாம சுத்தமா இருக்கு. தனிநபர் கடன் ரெடியாவே காட்டுது. கையெழுத்தே வேண்டாம். போன்ல ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள பணம் ஏறிடும்."

தான் தலையாட்டினோமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் விரல்கள் விசைப்பலகையில் ஓடத் தொடங்கியிருந்தன.

கண்ணாடிக்கு வெளியே அவன் சாலையைக் கடந்துகொண்டிருந்தான். பை இடது தோளில் தொங்கியது. நடுச்சாலையில் ஒரு லாரிக்காக நின்றவன், வலது கையை இடது கையால் எடுத்து, யாரோ பாதுகாக்கக் கொடுத்த பொருளைப்போல, மெதுவாகப் பேண்ட் பாக்கெட்டுக்குள் வைத்தான். அவள் உள்ளங்கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. ஆறு எண்கள் வந்திருந்தன.

"சொல்லுங்க மேடம்" என்றாள் கவுண்டர் பெண்.

லாரி போன பிறகு சாலையில் அவன் இல்லை; எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்தான்.