தொட்டது யார்?

நான் பதினோரு நாடு பார்த்தவன். பார்த்தவன் என்றால், பதினோரு நாட்டுச் சமையலறைகளைப் பார்த்தவன். எங்கள் சுற்றுலாக் கம்பெனி நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது, கூடவே இரண்டு மூட்டை அரிசி, ஒரு டப்பா புளி, ஒரு கிரைண்டர், நான். பயணிகள் காலையில் கோபுரம் பார்ப்பார்கள், பாலம் பார்ப்பார்கள். மத்தியானம் வந்து என் ரசத்தைக் குடித்துவிட்டு, "அப்படியே வீட்டுச் சாப்பாடு" என்பார்கள். அப்படியானால் பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று தோன்றும். சொன்னதில்லை.

சொல்லாமல் இருப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. மேனேஜர் என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். முதல் பயணத்தில் பயணிகள் முன்னால் அப்படிக் கூப்பிட்டபோது, பின்னால் யாரோ நிற்கிறார்கள் போல என்று நான் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"எந்த ஊரு, எந்த ஆளுங்கன்னு யாராவது கேட்டா, சிரிச்சுட்டு உள்ள போயிடுங்க. நீங்க பொய் சொல்ல வேணாம். அவங்களா நெனச்சுக்கட்டும்."

அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். போதாததற்கு, "சாமி சமைக்கிறப்ப வாயில வச்சுப் பாக்க மாட்டார். வாசனையிலயே உப்பு சொல்லிடுவார்" என்று மேனேஜர் அளந்துவிட, இரண்டு பேர் சமையலறை வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் போகிறவரை நானும் கரண்டியை மூக்குக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய் இறக்கினேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு கரித்தது. அதையும் பிரமாதம் என்று சாப்பிட்டார்கள். என் அப்பா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் மீன் வாங்காத நாளென்றால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம்.

இந்தப் பயணத்தில் அன்று ஒன்பதாவது நாள். நாங்கள் தங்கியிருந்த ஓட்டலுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் ஒரு கடை என்னை இழுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் தட்டு தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். இந்தோனேசியச் சாப்பாடு என்று பலகையில் போட்டிருந்தது. தேங்காய்ப்பாலில் மீன் கொதிக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் வரும். எட்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனேன். ஒன்பதாவது நாள் காலையிலேயே மத்தியானச் சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு, மேனேஜரிடம் கேட்டேன்.

"சார், இன்னிக்கு ஒரு வேளை வெளிய சாப்ட்டுட்டு வரேன். இங்க எல்லாம் ரெடி."

"சமைக்கிறவரே வெளிய சாப்ட்டா, அந்தச் சாப்பாட்ட எவன் நம்புவான்? அதுவும் நீங்க." குரலைத் தாழ்த்தினார். "யாராவது பாத்துட்டாங்கன்னா இதோட முடிஞ்சுது. அடுத்த டூருக்கு வேற ஆள்தான்."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. எனக்கும் கையில் வேறு வேலை இல்லை. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். எல்லாம் தெரிந்துதான் செருப்பை மாட்டினேன். பதினோரு நாட்டில் ஒரு நாட்டுச் சோற்றைக்கூடத் தின்னாமல் செத்துப்போக எனக்கு இஷ்டமில்லை.

உள்ளே தள்ளி ஒரு மூலை மேஜை காலியாக இருந்தது. ஒளிந்து சாப்பிடுவதற்கு வந்தவனாக இருந்தால் அதில் உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

பரிமாறுகிற அம்மாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக என் முன்னால் இறக்கினார். கறுக்கச் சுண்டிய கறி, பலாக்காய், பொரித்த சோயாக் கட்டி, பச்சை மிளகாய்ச் சட்னி, மஞ்சள் குழம்பில் தலையோடு இரண்டு மீன். பதினான்கு தட்டு. எனக்கு வியர்த்துவிட்டது. ஏதோ கல்யாண கோஷ்டி வருகிறது என்று நினைத்துவிட்டார்கள் போல. ஒற்றை விரலைக் காட்டி, "ஒரு ஆள்தாம்மா" என்றேன். பேச்சு புரியாவிட்டாலும் விரல் புரிந்தது. சிரித்தார். ஒரு தட்டைத் தொட்டு, என் பக்கம் கை காட்டினார். இன்னொன்றைத் தொடாமல் கண்ணாடிப் பக்கம் கை காட்டினார். தொட்டது எனக்கு, தொடாதது திரும்பிப் போய்விடும். அதுதான் அந்தக் கடை வழக்கம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மீன் தட்டைத் தூக்கி மூக்கருகில் கொண்டுபோனேன். பாழாய்ப்போன பழக்கம். அந்த அம்மாள், மீன் கெட்டுப்போய்விட்டது என்று நான் சந்தேகப்படுவதாக நினைத்து முகம் சுருங்கிவிட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கையை விட்டு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். இஞ்சி தெரிந்தது, மஞ்சள் தெரிந்தது, புளிப்பை மட்டும் எதில் கொண்டுவந்தார்கள் என்று பிடிபடவில்லை. நாக்கு தேடிக்கொண்டே இருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. காரம் என்று நினைத்து அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பாதி மீன் ஆனபோது கண்ணாடிக்கு வெளியே, ஊர் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற எங்கள் கூட்டம். முன்னால் வந்தது பேங்க் அம்மா. பேங்கில் இருந்து ரிட்டயரானவர், தினமும் முதல் பந்தியில் உட்காருகிறவர். என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் கதவைத் திறந்துகொண்டு ஐந்தாறு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். பின்னாலேயே மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

ஒரு பார்வையில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டார் மனுஷன். பதினோரு நாட்டு அனுபவம் அவருக்கும் உண்டே.

"இந்த மாதிரிக் கடையில கேக்காமயே எல்லாத்தையும் கொண்டாந்து வச்சிடுவாங்கம்மா. தொடலன்னா அப்படியே திருப்பி எடுத்துப்பாங்க." என் பக்கம் திரும்பினார். "சாமி, பாவம், மொழி தெரியாம மாட்டிக்கிட்டீங்க. நீங்க இதெல்லாம் தொடலதான?"

என் விரலெல்லாம் மஞ்சள். தட்டில் முள். அவருக்கும் தெரிந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் நான் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால், நம்புவதற்கு அவர்கள் தயாராக நின்றார்கள். வேலையும் தங்கும். எனக்கு அப்போதுதான் நிஜமாகக் கோபம் வந்தது.

"தொட்டேன் சார். தொட்டுத்தான் தின்னுட்டு இருக்கேன்."

"சாமி..."

"என் பேரு சாமி இல்ல."

எழுந்து நின்று என் பேரைச் சொன்னேன். அப்பா பேரையும், அவர் மீன் வெட்டுகிற மார்க்கெட்டையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கு மேல் நம் ஆட்களுக்கு ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. பேங்க் அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அப்ப ஒம்பது நாளா நாங்க சாப்ட்டது?"

"இந்தக் கைதாம்மா. அரிசி களஞ்சது, புளி கரைச்சது எல்லாம் இதே கைதான். உங்க சாப்பாட்டுல நான் சைவத்துக்குக் குறை வச்சதில்ல. நல்லா இருந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், யாரோ அவரை அடித்து வாங்கிய மாதிரி.

"ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு. வேணாங்கறவங்க இப்பவே சொல்லிட்டீங்கன்னா, அரிசியக் கொறச்சுப் போடுவேன்."

ஒரு பெரியவர் மட்டும், "எனக்கு வேணாம்" என்றார்.

"சரிங்க ஐயா. ஒரு பிடி கொறைக்கறேன்."

மற்றவர்களையும் ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. வந்த மாதிரியே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள். மேனேஜர் மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க வேல போச்சு. அது தெரியுதா?"

"தெரியுது சார்" என்று உட்கார்ந்து, இரண்டாவது மீனை என் பக்கம் இழுத்தேன். "கொஞ்சம் வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க. முள்ளு தெரியல."