மேட்டினிக்குப் போன மாப்பிள்ளை

...தட்டினானாம், தட்டவில்லையாம், இதற்குப் போய் நாலு தடிமாடுகள் டீக்கடை வாசலை அடைத்துக்கொண்டு கத்துகிறார்கள், படம் விட்டுக் கூட்டமெல்லாம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கலைந்து போய்விட்டது, இவர்களுக்கு மட்டும் வீடு வாசல் கிடையாது போலிருக்கிறது, இதில் கோடு போட்ட சட்டைக்காரன்தான் பிரிட்டோ, மாதா கோயில் உபதேசியார் கொடுத்த போட்டோவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மறுபடியும் ஒத்துப் பார்த்துக்கொண்டேன், அவனேதான், ஆனால் போட்டோவில் மீசை நல்ல அடர்த்தி, நேரில் அம்புட்டு இல்லை, ஸ்டூடியோக்காரன் மை தீட்டியிருப்பான், மீசையிலேயே இப்படி என்றால் மற்றதில் எப்படியோ... என் மகள் ஜோஸ்பினுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை இவன், ஈஸ்டர் கழிந்ததும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடலாம் என்று ஏற்பாடு. தவக்காலம் நடக்கிறது, காலையில் பூசை, மத்தியானம் மேட்டினி, வேதக்கார வீட்டுப் பிள்ளைக்கு இதுவா லட்சணம்? நானும் கொட்டகைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நான் மாப்பிள்ளை விசாரிக்க வந்தவன், படம் பார்க்க வந்தவன் இல்லை, அது வேறு இது வேறு.

விசாரிக்கப் போகாதீர்கள் என்றுதான் ஜோஸ்பின் சொன்னாள், "இந்த ஒரு தடவ சும்மா இருங்கப்பா, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்", குரலை உயர்த்தாமல் சொன்னாள், கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அவளுக்கு முப்பதைத் தாண்டி ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, அதைக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரி வியாகுலம்மாள் இருக்கிறாளே, அவள் வாய் சும்மா இருக்குமா, "விசாரிச்சு விசாரிச்சே மகள வீட்டோட வச்சிக்கங்க, நீங்க செத்தா அழுவதுக்கு ஆளு வேணும்ல" என்கிறாள். முதலில் பெண் கேட்டு வந்த ஒட்டன்சத்திரத்துக்காரனைப் பற்றி முன்கோபி என்று அவன் தெருவிலேயே ஒருத்தன் சொன்னான், அதை நான் சொல்லாமல் இருக்க முடியுமா? சேவுகம்பட்டிக்காரன் ராத்திரியெல்லாம் இருமுகிறான் என்று அடுத்த வீட்டு அம்மா சொன்னாள், பிறகு அது அவன் அப்பனுடைய இருமல் என்று தெரிந்தது, அதற்குள் அவன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான், அவசரக்காரன், அவனைக் கட்டாததும் நல்லதுதான். வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் கேட் வாட்ச்மேனாக இருந்தவன் நான், ஷிஃப்டு விட்டு வெளியே போகிறவனுடைய தூக்குவாளியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தே தலை நரைத்தவன், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறவனிடம் ஒன்றும் இருக்காது, சிரித்துக்கொண்டு பேசாமல் வருவான் பாருங்கள், அவன் இடுப்பில்தான் நூல் சுற்றியிருக்கும்.

இந்தப் பிரிட்டோவும் பேசாமல் சிரிக்கிறான். மற்ற மூன்று பேரும்தான் கத்துகிறார்கள், அவர்கள் கத்துகிற கத்தலில் படத்தின் கதை முழுவதும் எனக்கே தெரிந்துபோயிற்று, ஏதோ இங்கிலீஷ்காரன் படம், தமிழில் பேச வைத்திருக்கிறார்கள், ஒருத்தன் பெண்டாட்டியை விட்டுவிட்டு ராக்கெட்டில் ஏதோ நட்சத்திரத்துக்குப் போகிறானாம், போய்விட்டு வருவதற்குள் அவனுக்கு ஒரு வருஷம்தான் ஆகிறதாம், பூமியில் நாற்பது வருஷம் ஓடிவிட்டதாம், அது எப்படி என்று கேட்டால் வேகமாகப் போனால் அப்படித்தானாம், வேகமாகப் போனால் வயசு ஏறாது என்றால் இந்த ஊர் மினி பஸ் டிரைவர்களெல்லாம் இன்னும் தொட்டிலில்தான் கிடக்க வேண்டும். வந்தவன் தன் வீட்டுக்குப் போகிறான், கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான், அம்புட்டுத்தான், படம் முடிந்துவிட்டது. முடிக்கத் தெரியாமல் விட்டிருக்கிறான், அதற்குக் காசும் கொடுத்து, வெளியில் வந்து சண்டையும் போடுகிறார்கள். "ஏலே, அவன் திரும்பியே வரல, ராக்கெட்டுலயே தூங்கிக்கிட்டு இருக்கான், அம்புட்டும் கனவு, கடைசி சீன்ல அவனுக்கு நெழலே இல்ல, பாத்தியா நீயி?" என்கிறான் கண்ணாடி போட்ட ஒருத்தன், மதியழகன் என்று கூப்பிடுகிறார்கள், பள்ளிக்கூட வாத்தியாராம், இவனிடம் படிக்கிற பிள்ளைகளைக் கர்த்தர்தான் காப்பாற்ற வேண்டும். "நெழலு இல்லன்னா உச்சி வெயிலா இருக்கும் வாத்தியாரே" என்கிறான் சிவப்புச் சட்டை. "உச்சி வெயில்ல வீட்டுக்குள்ள லைட்டு எரியுமாலே?" "அமெரிக்காவுல எரியும்." குட்டையாக ஒருத்தன், வாயில் பஜ்ஜியோடு, "தட்டியிருக்க மாட்டான் மாப்ள, உள்ள இருக்கிறது கெழவி, அவன் கட்டுமஸ்தா இருக்கான், எவன் தட்டுவான்? வந்த ராக்கெட்டுலயே திரும்பியிருப்பான்" என்கிறான். இவனுக்கு எவன் பெண் கொடுத்தானோ, கொடுக்காவிட்டால் இனிமேல் கொடுக்க வேண்டாம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது, இந்த இங்கிலீஷ்காரன் முடிக்காமல் விட்டதில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, முடிக்காததை இவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக முடிக்கிறார்கள், அவனவன் மடியில் இருப்பதை அவனவனே அவிழ்த்துக் காட்டுகிறான், பஜ்ஜிக்காரன் பெண்டாட்டியை விட்டு ஓடுகிறவன், வாத்தியார் எதையும் கனவு என்று சொல்லித் தப்பிக்கிறவன், சரி, இந்தப் பிரிட்டோ என்ன சொல்கிறான் என்று பார்ப்போம், பக்கத்து வீட்டில் விசாரித்தால் பொய் சொல்வார்கள், பங்காளியிடம் விசாரித்தால் பொறாமையில் சொல்வான், இதில் ஏமாற்று வேலைக்கு இடமில்லை, அவன் வாயாலேயே வரட்டும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டேன். சிவப்புச் சட்டை அவன் தோளில் அடித்து, "நீ சொல்றா, தட்டுனானா இல்லையா?" என்றான். இவன் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியலயேடா" என்றான். தெரியவில்லையாம்! மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியவில்லையாம். தட்டுவான் என்றால் நல்லவன் என்று வைத்துக்கொள்ளலாம், தட்டமாட்டான் என்றால் எழுந்து போய்விடலாம், தெரியலயேடா என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அழுத்தக்காரன். பம்புசெட்டுக் கடையில் வேலை பார்க்கிறவன், வருகிறவனிடமெல்லாம் பட்டும் படாமலும் பேசிப் பழகியிருப்பான். இப்படிப்பட்டவனிடம் என் மகள் என்னத்தைக் கேட்டு என்ன பதில் வாங்கப் போகிறாள்?

அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் என் பக்கம் திரும்பினான். "நம்ம பெரியவரக் கேப்போம்டா. பெரியவரே, நாப்பது வருசம் கழிச்சு வந்து நிக்கிறான், நீங்களா இருந்தா கதவத் தட்டுவீங்களா?" என்றான். நான் படமே பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை, கேட்டதும் பதில் வாயில் வந்து நின்றுவிட்டது, "எதுக்குத் தட்டணும்? மொதல்ல வீட்டச் சுத்தி வரணும், கொல்லப் பக்கம் கொடியில என்ன துணி காயுதுன்னு பாக்கணும், ஆம்பளத் துணி கெடக்கான்னு பாக்கணும், சன்னலுக்குப் பக்கத்துல நின்னு காது கொடுக்கணும், எதுத்த வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கணும், அதுக்கப்புறம்ல கதவு." அவ்வளவுதான், சிரித்தார்கள் பாருங்கள், பஜ்ஜிக்காரனுக்குப் புரையேறிவிட்டது, "பெரியவரு சிஐடி டிபார்ட்மெண்டுடோய்" என்றான், டீ மாஸ்டர்கூடப் பல்லைக் காட்டினான். சிரிக்கட்டும், கேட் திறந்து கிடந்தால் மில்லையே தூக்கிக்கொண்டு போகிற பயல்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மூன்று பேரும் வண்டிகளை எடுக்கப் போனார்கள், பிரிட்டோ மட்டும் காலி கிளாசை வைக்கிற சாக்கில் என் பெஞ்சுக்குக் கிட்டே வந்து குனிந்தான்.

"வாரேன் மாமா."

கையில் இருந்த டீயைப் பெஞ்சில் வைத்தேன். "டீ ஆறிப்போச்சே மாமா. நல்லா ஆறவச்சுத்தான் குடிப்பீங்கன்னு ஜோஸ்பின் சொன்னாங்க. தலையில துண்டு கட்டியிருப்பாரு, போட்டோவ எடுத்து எடுத்துப் பாப்பாரு, எங்க போனாலும் பின்னாடியே ஒரு நா வந்து நிப்பாரு, கோவிச்சுக்காதீங்கன்னு சொன்னாங்க" என்றான், மரியாதையாகத்தான் சொன்னான், சொல்லிவிட்டுப் போய் வாத்தியாருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான், வண்டி மணிக்கூண்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

எப்போது சொன்னாள்? எங்கே வைத்துச் சொன்னாள்? வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை செபத்துக்குப் போனவள் செத்த நேரம் கழித்துத்தான் வந்தாள், கூட்டம் என்றாள், சிலுவைப்பாதைக்கு இந்த ஊரில் என்றைக்குக் கூட்டம் வந்திருக்கிறது, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், ஊரான் தூக்குவாளியையெல்லாம் திறந்து பார்த்தவன் இதை விட்டுவிட்டேனே... விசாரிக்கப் போகாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டாளே, அதுவும் நான் போவேன் என்று தெரிந்தேவா? திருட்டுக் கழுதை. போனதும் கேட்கிறேன். என்னவென்று கேட்பது? எங்கே போயிருந்தீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டால்? துண்டைப் பற்றிச் சொன்னவள், டீயைப் பற்றிச் சொன்னவள், இன்னும் என்னென்ன சொன்னாளோ, ஒட்டன்சத்திரத்துக்காரனைச் சொன்னாளா, அந்த இருமலைச் சொன்னாளா, என்னை எங்கப்பா என்று சொன்னாளா, இல்லை அந்தாளு என்று சொன்னாளா... அப்படியென்றால் அந்தப் பயல் என்னை யாரென்று தெரிந்துகொண்டுதானே கேள்வி கேட்டான், நானும் வாயைத் திறந்து கொட்டினேன், கொல்லைப் பக்கம், கொடித் துணி, சன்னல், ஒன்று விடாமல். பம்புசெட்டுக் கடைப் பயல் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான். விசாரித்தவன் ஒரு முடிவுக்கு வந்திருப்பான் இல்லையா, நான் வரவில்லையா, ஒவ்வொரு மாப்பிள்ளையையும் அப்படி ஒரு முடிவுக்கு வந்துதானே வேண்டாம் என்றேன், அவன் மட்டும் வராமலா இருப்பான்... அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால் நான் எப்படித் தெரிந்தேனோ. மூன்று பேர் சிரித்தார்கள், டீ மாஸ்டர் சிரித்தான், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் அந்தக் கோடு போட்ட சட்டைக்காரன், அப்போது அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லையே, அவன் சிரித்தானா?