மதகோடு முடியும் வரைபடம்

ஊர் மலர் ஒன்றைப் பக்கம் போட்டுக் கொடுப்பதற்கு அந்த ஊரில் பிறந்திருக்கத் தேவையில்லை. நான் யோசெப்பின், மன்னார்க்காரி. ஆனால் மொன்றியலில் உள்ள யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்களில் பாதிக்கு நான்தான் மலர் செய்து கொடுக்கிறேன். "யோசெப்பின் எங்கட ஆள் இல்லை, அதனால கரைச்சலும் இல்லை" என்று என் காதுபடவே சொல்வார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லா மலரிலும் முதல் கட்டுரை ஒன்றுதான். ஊருக்கு எப்படிப் பெயர் வந்தது என்பதற்கு மூன்று விளக்கம் இருக்கும். மூன்றிலும் ஒரு அரசன் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பெயரை வைத்துவிட்டுப் போவான். அடுத்தது புவியியல்: செம்மண், நன்னீர், கடின உழைப்பாளிகள். அதற்கடுத்தது பெருமைக்குரியோர். கோயில் மணியகாரர், தலைமை ஆசிரியர், மலாயாவில் ரயில் ஓடவிட்டவர். தலைப்பை மட்டும் மாற்றிவிட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும். ஒருமுறை மாற்ற மறந்தும் போனேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த வருடம் ஈச்சந்துறை மக்கள் ஒன்றியத்தின் வெள்ளிவிழா மலர். ஒன்றியத் தலைவர் இரவிச்சந்திரன் புரோசார்ட்டில் இருந்து நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள என் அப்பார்ட்மென்டுக்கே வந்துவிட்டார். வழக்கமாக என்னைத்தான் அங்கே வரச் சொல்வார். பெரிய விஷயம் என்று அப்போதே விளங்கிவிட்டது.

"இந்த முறை மலரில அமெரிக்கா வருது" என்றார்.

"முழுக்கவோ?"

அவர் சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியை நீட்டினார். வெர்மொன்ற் மாநிலத்தில் பெல்டன் மில்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அதன் புதிய நகரசபைத் தலைவர் சிவநேசம் என்று ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் படம். பின்னால் ஒரு பெற்றோல் செட், முன்னால் தலை நரைத்த, தொப்பி போட்ட ஒரு மனிதர்.

"எங்கட ஊர்ப் பெடியன்" என்றார் இரவிச்சந்திரன். பெடியனுக்கு அறுபது தாண்டியிருக்கும்.

பெடியனின் கதையை ஒன்றியத்தின் பொருளாளர் பிறகு எனக்குச் சொன்னார். சிவநேசம் அகதியாக மொன்றியலுக்கு வந்து ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவியவர். ஒன்றியத்தின் முதல் ஒன்றுகூடலுக்கு ஆசையோடு போயிருக்கிறார். சாப்பாட்டு வரிசையில் ஒருவர், யாழ்ப்பாணத்தார் கேட்காமல் இருக்கவே முடியாத அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்: "ஊரில எவடம்?" சிவநேசம் "ஆலடி" என்று சொல்லியிருக்கிறார். ஆலடி என்பது மதகுக்கு அந்தப் பக்கம், பனை ஏறுகிற குடும்பங்கள் இருந்த குறிச்சி. அடுத்த வருடம் அவருக்கு அழைப்பு வரவில்லை. ஊரில் யாருக்கு எந்தப் பேணியில், எந்தக் குவளையில் தேத்தண்ணி என்ற சாதிக் கணக்கு இருந்தது. மொன்றியலில் காகிதக் கோப்பை வந்து அந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்துவிட்டது, ஆனால் அழைப்பிதழும் காகிதம்தான், அது மட்டும் போய்ச் சேரவில்லை. அதன் பிறகுதான் அவர் எல்லை தாண்டி வெர்மொன்றுக்குப் போனது.

வாழ்த்துச் செய்தி வாங்க மூவராகக் காரில் போனோம். தலைவர், பொருளாளர், எழுதிக்கொள்வதற்கு நான். எல்லையில் என்ன காரியமாகப் போகிறீர்கள் என்று கேட்டபோது "எங்கள் உறவினரைப் பார்க்க" என்றார் இரவிச்சந்திரன். அந்தச் சொல் அவர் வாயில் அவ்வளவு லேசாக வந்தது எனக்கு அப்போதே உறுத்தியது.

பெல்டன் மில்ஸ் எனக்குப் பிடித்துப்போனது. வடக்கே காடு, கிழக்கே காடு, மேற்கே பூட்டிக் கிடக்கும் நூல் ஆலை, தெற்கே சிவநேசத்தின் பெற்றோல் செட். நடுவில் ஒரு ஆறு, இடைக்கிடை எழும்பி வந்து நூலகத்தை நனைத்துவிட்டுப் போகும். சிவநேசம் நகரசபை வெளியிட்ட ஒரு புத்தகத்தைத் தந்தார்: பெல்டன் மில்ஸின் வரலாறு, புவியியல், பெருமைக்குரியோர். புரட்டிப் பார்த்தேன். பெயருக்கு மூன்று விளக்கம். அரசனுக்குப் பதில் ஒரு கேர்ணல். போர் முடிந்த பிறகு வந்து சேர்ந்து, ஆற்றில் தண்ணீர் குடித்தவர். பெருமைக்குரியோரில் உடுப்புக் கொழுவும் கிளிப்பைத் திருத்தி அமைத்தவர் ஒருவர், பலூனில் பறந்து ஆப்பிள் மரத்தில் விழுந்த சீமாட்டி ஒருத்தி. எனக்கு ஒரே சந்தோஷம். உலகம் முழுக்க ஊர் மலர் ஒரே ஆளால்தான் எழுதப்படுகிறது.

"இது புதுப் பதிப்பு" என்றார் சிவநேசம். நிதானமாகக் கதைக்கிற மனிதர். "பழசில இந்தப் பக்கம் இல்லை." வரைபடத்தில் ஆலைக்குப் பின்னால் ஆற்றோரமாக ஒரு தெருக்கூட்டத்தைக் காட்டினார். "ஒரு காலத்தில கியூபெக்கில இருந்து ஆலை வேலைக்கு வந்த பிரெஞ்சு ஆக்கள் இருந்த இடம். ஊரே அவையின்ர கையால ஓடினது. ஆனா வரைபடம் ஆலையோட முடிஞ்சிடும், அங்கால வெள்ளைக் கடதாசி. நான் சபைக்குப் போன முதல் வருசம் இதைத்தான் கேட்டு வாங்கினன். பெரிய சண்டை."

இரவிச்சந்திரன் நெஞ்சில் கை வைத்தார். "பாருங்கோவன் அநியாயத்தை. வெள்ளையள் இப்பிடித்தான். தங்கட ஆக்களையே ஒதுக்குவாங்கள்."

"ஓம்" என்றார் சிவநேசம். "அப்ப நீங்களும் உங்கட மலரில ஆலடியைப் போடுங்கோ. வரைபடத்தில ஆலடி, பெருமைக்குரியோரில என்ர அப்பான்ர பேர். ஊரில பாதிப் பேர் அவர் பனையில இருந்து இறக்கின கருப்பணியைக் குடிச்சு வளந்தவை. வேற ஒண்டும் வேண்டாம். வாழ்த்துச் செய்தி நான் தாறன்."

பொருளாளர் பிஸ்கட்டைப் பார்த்தார். இரவிச்சந்திரன் என்னைப் பார்த்தார்.

"இடம் காணாது என்ன, யோசெப்பின்? பக்கம் முழுக்க நிரம்பிப்போச்சு. ஆலடிப் பக்கம் எனக்கு வடிவா ஞாபகமும் இல்லை, சின்னனில போனது."

ஈச்சந்துறை மலரின் வரைபடத்தைப் போட்டவள் நான். மதகுக்கு அந்தப் பக்கம் ஆலடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது, பெரிய ஒற்றை மோதிரத்தோடு. மோதிரத்துக்குள் ஒரு குறிச்சியே அடங்கும். வாயைத் திறந்து சொல்லவும் சொன்னேன்: "விளம்பரத்தைப் பின் அட்டைக்குக் கொண்டுபோகலாம்."

"பேந்து பாப்பம்" என்றார் தலைவர். யாழ்ப்பாணத்தில் ஒரு காரியத்தைக் கொல்வதற்கு இந்தப் 'பிறகு பார்ப்போ'மைவிட மென்மையான ஆயுதம் கிடையாது.

திரும்பி வந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. சிவநேசம் மலரில் வரவேண்டும், ஆலடி வரக்கூடாது. இதற்கு அவர் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. தலைவர் மணியகாரர் வீட்டுக்காரர். அவருடைய அப்பாவின் தங்கை அன்னம்மா மாமி கலியாணம் முடித்து மலாயாவுக்குப் போனவர், பிறகு தகவலே இல்லை. குடும்ப மரத்தில் அந்தக் கிளை மொட்டையாக நின்றது. அதில் கொண்டுபோய்ச் சிவநேசத்தை ஒட்டிவிட்டார். "மணியகாரர் பரம்பரையில் உதித்தவரும், மலாயா அன்னம்மா அவர்களின் புதல்வரும், எமது தலைவரின் மைத்துனருமான பெல்டன் மில்ஸ் நகரபிதா." வரைபடத்தில் ஒரு தெருவைக் கீறுவதைவிட ஒரு மச்சானைப் பெற்றெடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"இது பொய்யல்லோ அண்ணை?" என்றேன்.

"அவருக்கும் மதிப்புத்தானே பிள்ளை. வேண்டாமெண்டு சொல்லுவாரோ?"

வேண்டாமென்று சொல்லட்டும் என்றுதான் அந்தப் பக்கத்தைச் சிவநேசத்துக்கு அனுப்பினேன். அன்று பின்னேரமே அழைத்தார்.

"வாசிச்சன். ஒரு எழுத்தும் மாத்தாதேங்கோ. விழாவுக்குக் குடும்பத்தோட வாறன்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. பிரெஞ்சுக்காரரின் தெருவுக்காகச் சண்டை பிடித்த மனிதர், தன் அப்பாவை ஒரு மணியகாரருக்கு விற்றுவிட்டாரே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அச்சுக்குக் கொடுத்தேன்.

விழா லாசாலில், கலியாணங்களுக்கு எடுக்கிற ஒரு மண்டபத்தில். மங்கள விளக்கை ஏற்ற எட்டுப் பேர், ஏற்றியதைப் பாராட்ட ஐந்து பேர். மேடைத் திரையில் மலரின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். சிவநேசம் கோட் சூட்டோடு வந்திருந்தார். பக்கத்தில் மகன் ஆரூரன், வெர்மொன்றில் பல் வைத்தியர், நல்ல உயரம். பல் வைத்தியர் என்று தெரிந்ததும் மண்டபத்தில் பெண் வைத்திருந்த தாய்மார் எல்லாரும் ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பேச அழைத்ததும் சிவநேசம் மலரைக் கையில் எடுத்து, தன்னைப் பற்றிய பக்கத்தை முழுக்க, பக்தியோடு வாசித்தார். கைதட்டினார்கள். இரவிச்சந்திரன் முன்வரிசையில் தலையை ஆட்டினார்.

"எனக்கு இது தெரியாமல் இருந்திட்டுது" என்றார் சிவநேசம். "இவ்வளவு காலமும் மச்சானை மச்சான் எண்டு கூப்பிடாமல் இருந்திட்டன். மச்சான், மேடைக்கு வாங்கோ."

மச்சான் வந்தார், கும்பிட்டபடி.

"முறை எண்டு வந்தால் கடமையும் வரும். மச்சானுக்கு ஒரு மகள் இருக்கிறா, வித்தியா. எனக்கு ஒரு மகன். என்ர மகன் மச்சானுக்கு மருமகன் முறை. சபை நிறைஞ்ச நேரம், முறைப்படி கேக்கிறன்." கோட் பைக்குள் இருந்து வெற்றிலைச் சுருளை எடுத்தார். ஆரூரன் ஒரு தட்டத்தோடு படியேறி வந்தான்.

முன்வரிசையில் வித்தியா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள். அவளுடைய தாய் குலுங்கவில்லை. சாப்பாடு வைக்கிற ஆட்கள்கூட மூடியைத் திறந்தபடி நின்றார்கள். பொய்யில் ஒரு எழுத்தும் மாற்றாமல் வாங்கிக்கொண்டது இதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மனிதரைத் தப்பாக நினைத்தேனே என்று வெட்கமாகவும், அடக்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

இரவிச்சந்திரன் மைக்கைப் பிடித்தார். "இது... அச்சில ஒரு பிழை நடந்திட்டுது."

"எது பிழை?"

"நீங்கள் மாமியின்ர மகன் இல்லை."

"அப்ப நான் ஆர்? ஊரில எவடம்?"

இந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்டே பழகிய மண்டபம் அது. தனக்கே திரும்பி வந்தபோது அதற்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ஆலடி" என்றார் தலைவர். மைக் நன்றாகத்தான் வேலை செய்தது.

"சத்தமா சொல்லுங்கோ. படத்திலயும் ஒருக்காக் காட்டுங்கோ."

நான் வரைபடத்தைத் திரையில் போட்டேன். எவரும் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன். இரவிச்சந்திரன் திரும்பி, கோயிலில் இருந்து விரலை நகர்த்தி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, மதகைத் தாண்டி, மோதிரத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தார்.

"நன்றி" என்றார் சிவநேசம். வெற்றிலையைப் பைக்குள் வைத்துக்கொண்டு மகனோடு இறங்கிவிட்டார்.

அடுத்த நிமிடம் தலைவர் மண்டபத்து அலுவலக அறையில் என் பக்கத்தில் நின்றார். மேடையில் வாசித்த ஒரு பிரதியைத் தவிர புத்தகங்கள் இன்னும் ஒருவர் கைக்கும் போகவில்லை. சாப்பிட்டு முடிந்துதான் கொடுப்பது வழக்கம். அதற்குள் திருத்தத் துண்டு ஒன்று அடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்ட வேண்டும். முகமெல்லாம் வியர்வை.

"என்ன எழுத?"

"அவர் எங்கட சொந்தம் இல்லை எண்டு எழுதுங்கோ."

"அப்பிடி மட்டும் போட்டால், விழாவுக்கு வராதவை வேற எந்த மணியகாரர் வீட்டுப் பிள்ளை எண்டு தேடுவினமே அண்ணை."

அது அவரை நன்றாகக் குத்தியது. ஒரு துளி சந்தேகமும் மிஞ்சக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். ஆலடி மதகுக்குக் கிழக்கே, குளத்துக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் உள்ளது. உள்ளே போக இரண்டு ஒழுங்கை. முதல் ஒழுங்கையில் இன்னார் வீடு, அடுத்தது இன்னார் வீடு, முடக்கில் வைரவர் கல், அதற்கு எதிரே கிணறு, அந்தக் கிணற்றுக்குப் பக்கத்து வீடுதான் சிவநேசத்தின் வீடு. சின்ன வயதில் போனது, ஞாபகமில்லை என்ற மனிதர் ஒரு வேலியைக்கூட விடவில்லை. இந்தக் குறிச்சி தனக்கு எவ்வளவு தூரம் என்று நிரூபிக்க, அதன் ஒவ்வொரு வாசலையும் சொல்லிக்கொண்டே போனார். ஈச்சந்துறை மலர்கள் அத்தனையையும் நான்தான் செய்தேன். அவற்றில் உருப்படியான புவியியல் கட்டுரை இது ஒன்றுதான்.

"தகப்பன் பேர் பொன்னன். பனை ஏறினவர். ஊர் முழுக்கத் தெரியும்."

தலைவருக்குச் சமமானவர்கள் என்றால் பொன்னையா. மதகுக்கு அந்தப் பக்கம் என்றால் பொன்னன். ஊரில் பெயர்களைக்கூட அளந்துதான் கொடுத்தார்கள். நான் "பொன்னையா அவர்கள்" என்று தட்டினேன். அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெளியே சனம் சாப்பாட்டு வரிசையில் சத்தம் போடத் தொடங்கியிருந்தது.

"சரி, அடியுங்கோ" என்றார்.

துண்டு அரைப் பக்கமாக வந்துவிட்டது. மலரில் அதற்கு ஏற்ற அளவு நகைக்கடை விளம்பரம்தான் இருந்தது. வரைபடத்தில் அதன் மேலேயே, ஆலடி இருக்க வேண்டிய இடத்தில், ஒட்டினேன்.

துண்டு ஒட்டிய முதல் பிரதியைச் சிவநேசத்திடம் கொண்டுபோனேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்து, விரலைத் துடைத்துவிட்டு, ஒழுங்கை ஒழுங்கையாக வாசித்தார். கிணறு வரை சிரித்தபடிதான் வாசித்தார். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வரியை விட்டு அவர் கண் நகரவே இல்லை.

"அப்பான்ர பேரை அச்சில இப்பதான் பாக்கிறன்" என்றார். "அவருக்கு வாசிக்கத் தெரியாது, பிள்ளை. ஆனா காட்டியிருந்தால் பிடிச்சிருக்கும்."

பின்னால் சாப்பாட்டு வரிசையில் யாரோ ஆரூரனிடம் கேட்பது கேட்டது: "தம்பி, நீங்கள் ஊரில எவடம்?"

"ஆலடி" என்றான் அவன், நாடியை உயர்த்தி, தகப்பனின் கையில் இருந்த மலரைக் காட்டி. "அந்த வரைபடத்தில கிடக்கு, பாருங்கோ."