இருபத்து நான்காவது கை

கடிகாரக்காரிக்கு மலை ஏறுகிற வயதும் இல்லை, அதற்கான முட்டியும் இல்லை. ஐம்பத்து மூன்று வயது வரை கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் கடிகாரக் கடை மேசையில் குனிந்தே கிடந்தவள். அவளைக் காலையிலேயே காரில் ஏற்றிக் கிளப்பியவள் அவள் தோழி, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். அவள் குரலைக் கேட்டவர்கள் எல்லாம் அவளை சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

விஷயம் இதுதான். பெட்டி தேடும் விளையாட்டு ஒன்று உண்டு. யாரோ ஒருவர் சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை டிகிரி, நிமிடக் கணக்கில் இணையத்தில் போடுவார். கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் நோட்டில் எழுதிவிட்டு, பெட்டியை அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். சிலர் அதில் எண் பொறித்த தகடு ஒன்றையும் போடுவார்கள். அதை எடுப்பவர் தான் போகிற வழியில் வேறொரு பெட்டிக்குக் கொண்டு சேர்ப்பார். கப்பலில் சமையல்காரனாக இருந்த கடிகாரக்காரியின் தம்பி ஆறு வருடம் முன்பு ஏதோ துறைமுகத்தில் அப்படி ஒரு தகட்டைப் போட்டு, அதன் இணையப் பக்கத்தில், ‘இது என் அக்கா கைக்குப் போகணும்’ என்று ஊரும் கடையும் எழுதி வைத்தான். இரண்டு வருடத்தில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. தகடு மட்டும் நிற்கவில்லை. இருபத்து மூன்று பேர் கை மாறி, ஏழு நாடு சுற்றி, முந்தாநாள் இந்த மலைப் பெட்டிக்கு வந்திருப்பதாக அந்தப் பக்கம் காட்டியது. விவரம் தெரியாத யாராவது எடுத்துக்கொண்டு வேறு திசையில் போய்விட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் முட்டியையும் மறந்து கிளம்பினாள்.

காரை விட்டு இறங்கும்போது மண்டையைப் பிளக்கும் வெயில். பாதி மலையில் ஆலங்கட்டி மழை. ஒரு பாறை இடுக்கில் ஒடுங்கி நின்றார்கள். அது ஓய்ந்ததும் நீட்டிய கை தெரியாத மூடுபனி.

“வானத்துக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குடி” என்றாள் சைரன்.

போன் காட்டிய இடத்தில் முக்கால் மணி நேரம் கல்லைப் புரட்டிப் புரட்டி இருவர் நகமும் உடைந்தது. பெட்டி இல்லை.

“குடு அந்த போனை. நீ என்ன நம்பர் போட்ட?”

“இருபத்தேழு நிமிஷம், நாப்பத்தஞ்சு செகண்ட்.”

சைரன் தலையில் அடித்துக்கொண்டாள். “இருபத்தேழு புள்ளி நாலு அஞ்சுன்னு போட்டிருக்கு. புள்ளிக்கு அப்புறம் வர்றது செகண்ட் இல்லடி. நிமிஷத்துல நூத்துக்கு நாப்பத்தஞ்சு பங்கு, அரை நிமிஷம் கூட ஆகல அது. நீ நம்மளை அடுத்த முகட்டுல கொண்டுவந்து நிறுத்தியிருக்க.”

முப்பது வருடமாக நிமிடத்துக்கு அடுத்து நொடியைத் தவிர வேறெதையும் பார்க்காதவள் வேறென்ன போடுவாள்?

அந்த நேரம் பார்த்து மூடுபனி விலகியது. காலடியில், பள்ளத்தாக்கின் மேல், வானவில் நின்றது. அண்ணாந்து பார்க்கும் வானவில் இல்லை. குனிந்து பார்க்கும் வானவில், முக்கால் வட்டம். எதற்கு வந்தோம் என்பதைக்கூட ஒரு நிமிடம் மறந்து, கடிகாரக்காரி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு விழுந்தடித்துக்கொண்டு அடுத்த முகட்டுக்கு ஓடினார்கள்.

அங்கே வேர்களுக்கு நடுவே பெட்டி இருந்தது. திறந்தாள். நோட்டும் பென்சிலும்தான் இருந்தன. தகடு இல்லை. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சைரன் நோட்டைப் பிரித்து, கடைசியாக எழுதியிருந்ததை வாசித்தாள். “‘இன்று காலை பத்தே முக்கால். குழாய் வேலை செய்பவன். இந்தத் தகடு போக வேண்டிய ஊருக்குத்தான் நானும் வேலைக்குப் போகிறேன். நேராகக் கடைக்கே போய் அந்த அக்கா கையில் கொடுத்துவிடுகிறேன்.’”

கடிகாரக்காரி எழுந்து, நோட்டை வாங்கிப் பெட்டியில் போட்டு வேர்களுக்கு நடுவே வைத்தாள்.

“கடை பூட்டியில்ல இருக்கு” என்றாள் சைரன் மெதுவாக.

மழையிலும் வெயிலிலுமாக அவள் கார் ஓட்டிய வேகத்தை வெளியே சொல்லக்கூடாது. கடைத் தெருவில் திரும்பும்போது மணி இரண்டு தாண்டிவிட்டது. கடையின் ஷட்டருக்குக் கீழே, படியில், தொப்பலாக நனைந்த ஒருவர் கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்கதான் அந்த அக்காவா?” என்று எழுந்தார்.

கடிகாரக்காரி தலையாட்டினாள். சைரன்தான் கேட்டாள். “எவ்வளவு நேரமா இருக்கீங்க? பக்கத்துக் கடையில குடுத்துட்டுப் போயிருக்கலாமே.”

“எனக்கு முன்னாடி இருபத்து மூணு பேர், முகம் தெரியாத அக்காவுக்காகத் தூக்கிட்டு வந்திருக்காங்க. நான் ரெண்டு மணி நேரம் உக்கார மாட்டேனா?”

அவர் மூடியிருந்த கையைத் திறந்தார். எப்பேர்ப்பட்ட மனிதர்கள் என்று கடிகாரக்காரி மலைத்துப்போய் நின்றாள். பிறகு தகட்டை வாங்கினாள். இவ்வளவு நேரம் ஒரு மனிதனின் உள்ளங்கைக்குள் இருந்ததில் அது கதகதப்பாக இருந்தது.