அரைக்கட்டை கீழே

1.

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் கிளைவ் ட்ரெகென்சா, அடிலெய்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பது வருடம் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பாரிடோன், அதாவது இடைத்தரக் கனத்த ஆண்குரல் பாடகர். பதில் சொல்ல வேண்டியவள் நான், லோர்னா, அவருக்குப் பியானோ வாசித்தவள். சொல்லாமல் காரில் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோழை என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: கிளைவின் குரல் தேன் மாதிரி, அதில்…

[அடித்துவிட்டேன். தேனாவது மண்ணாவது. அவர் வாயைத் திறந்தால் கடைசி வரிசைக்காரனும் நிமிர்ந்து உட்காருவான், அவ்வளவுதான்.]

இரண்டாவது தொடக்கம்: அவருடைய ஐம்பத்தெட்டாவது வயதில், வகுப்பில், மாணவர்கள் எதிரில், உச்ச ஸ்வரம் ஒன்று பிசிறடித்தது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் அதே பாட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் அரைக்கட்டை இறக்கி வாசித்தேன். பாடிவிட்டார்.

"நேத்து சளி போல இருக்கு, லோர்னா."

"ஆமா, சளிதான்."

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

வயதானால் சுருதியை இறக்கிக்கொள்வது எங்கள் தொழிலில் சகஜம். கேட்டால் எந்தப் பியானோக்காரரும் இறக்கி வாசிப்பார். அவர் கேட்கவில்லை, நான் செய்தேன். இரண்டு வருடம் கழித்து இன்னொரு அரைக்கட்டை. (அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்கிறீர்களா? அந்தச் சந்தேகத்தை இந்தக் கதைக்குள் விடமாட்டேன். விட்டால் என்னால் எழுத முடியாது.)

எட்டு வருடம் ஓடியது. ஓய்வு பெறும்போது இசைக்குழுவோடு ஒரு பிற்பகல் கச்சேரியில் பாட அவரை அழைத்தார்கள். குரல் அப்படியே இருக்கிறது என்று நம்பி ஒப்புக்கொண்டார். அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். ஒத்திகையில் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன். பாடகர்கள் ஒத்திகையில் குரலை மிச்சம்பிடித்து, உச்ச இடங்களைக் கீழ் ஸ்தாயியில் முணுமுணுத்து விடுவார்கள். அவரும் அப்படித்தான் செய்தார். யாருக்கும் தெரியவில்லை.

கச்சேரியில் இசைக்குழுவின் அறுபது பேரும் தாளில் எழுதியிருந்த மூலச் சுருதியிலேயே வாசித்தார்கள். அந்த ஸ்வரம் வந்தது. குரல் உடைந்தது. வாத்தியங்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன, அவர் மட்டும் நின்றுவிட்டார். மூன்றாவது வரிசையில் நான் குனிந்துகொண்டேன்.

4.

இன்று காலை என் வீட்டுக்கு வந்தார். கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமா நீ எந்தக் கட்டையில வாசிச்ச?"

"பால் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்," என்று கிளம்பி வந்துவிட்டேன்.

முடிவு ஒன்று: "தாளில எழுதினபடிதான்" என்கிறேன். குரல் ஒரே பிற்பகலில் செத்துவிட்டதாக நம்பிக்கொண்டு மிச்ச நாளை ஓட்டுவார்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். எட்டு வருடக் கைதட்டலும் அவர் கையைவிட்டுப் போகும். கூடவே நானும்.

முடிவு மூன்று: அவர்…

மூன்றாவது இல்லை. ஒரு மணி நேரமாகத் தேடுகிறேன்.

பால் மடியில் சூடாகிவிட்டது. வீட்டுக் கதவு பூட்டவில்லை. நீங்கள் உள்ளே போய் அவரிடம் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.