ஏகமனதாக நகர்ந்த நிறுத்தம்

எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத் தலைவருக்கு மைக் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையிலும் ஒலிபெருக்கி இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார் என்பதால் நாங்கள் வைத்தது இது. தெருமுனையில் கண்ணாடிச் சுவர் போட்ட மரச்சாமான் கடை அவருடையது. சோபா வாங்க வருகிறவர்கள் காரில் வருவார்கள்.

என் கடைக்கு வருகிறவர்கள் பேருந்தில் வருவார்கள். நான் புதுத்துணி தைப்பதில்லை. பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, பிடித்த இடுப்பை மறு வருஷம் பிரித்துவிடுவது, இவைதான் என் தொழில். காலையில் பேருந்து ஏறும்போது கொடுப்பார்கள், சாயங்காலம் இறங்கியதும் வாங்கிக்கொண்டு போவார்கள். நிறுத்தம் என் வாசலுக்கு நேர் எதிரே, தலைவர் கடைக் கண்ணாடிச் சுவரை ஒட்டி இருந்தது. கடையில் இரண்டு மெஷின்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் என் நாத்தனார். புருஷனோடு இனி முடியாது என்று இரண்டு பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அந்த இரண்டாவது மெஷினில் உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து பேசவே ஆரம்பித்தாள்.

ஒரு திங்கட்கிழமை, நிறுத்தத்தின் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் நாலு தெரு தள்ளி ஒரு நீண்ட மதிலோரம் நட்டார்கள். அங்கே பெயருக்குக்கூட ஒரு கடை கிடையாது. கம்பம் இருந்த இடத்துக்கு ஆறு பூந்தொட்டிகள் வந்தன.

கடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன். அங்கிருந்த எழுத்தர் நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"நீங்க வியாபாரிகள் சங்கத்துல இருக்கீங்களாம்மா?"

"ஏழு வருஷமா சந்தா கட்டறேன்."

"அப்ப நீங்கதானே கேட்டீங்க" என்று ஒரு கோப்பைத் திருப்பி வைத்தார்.

புறநகரின் பொருளாதார மேம்பாட்டை முன்னிட்டு, வணிக வீதியின் தோற்றத்துக்கு இடையூறாக உள்ள பேருந்து நிறுத்தத்தை அகற்றும்படி ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டதாம். கீழே இருபத்துமூன்று கையெழுத்துகள். ஒன்பதாவது என்னுடையது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். கூட்டத்துக்கு வந்ததும், நாற்காலியில் உட்காரும் முன்பே பதிவேட்டை நீட்டுவார்கள். பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருக்கும். கீழ்ப்பாதியில் வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு தேநீர், பிஸ்கட், ஒரு மணி நேரம் மைக். பாதிப் பேர் போனைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். மறுநாள் தலைவர் தன் கடையில் சாவகாசமாக உட்கார்ந்து, மேல்பாதியில் நாங்கள் என்ன தீர்மானித்தோம் என்று எழுதிக்கொள்வார். ஏழு வருஷத்தில் ஒருவருக்கும் இது விசித்திரமாகத் தெரியவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ள ஒரு சங்கம், அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

"உங்க பேர ஒண்ண அடிக்கலாம்மா. ஆனா மிச்சம் இருபத்திரண்டு இருக்கே. பாதிப் பேராவது படிக்காம போட்டோம்னு எழுதிக் குடுத்தா மறுபடி விசாரிக்கச் சொல்லலாம்" என்றார் எழுத்தர். நல்ல மனிதர்.

முதலில் மருந்துக் கடைக்காரரிடம் போனேன். அவர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னு நான் எழுதிக் குடுத்தா, டாக்டர் சீட்டையாவது படிச்சுத்தான் மருந்து குடுக்கறேனான்னு ஊரே கேக்கும். என்னை விட்டுடுங்க."

பேக்கரிக்காரர் விற்காத பன்களை மூட்டை கட்டிக்கொண்டே, "வளர்ச்சின்னா மொதல்ல கொஞ்சம் வலிக்கும்னு மைக் சொன்னாரே" என்றார். அது வளர்ச்சியின் வலி இல்லை, காலில் போட்டுக்கொண்ட கல்லின் வலி என்றேன். சிரித்தார். எழுதித் தரவில்லை. மற்றவர்களும் அப்படித்தான். நஷ்டப்படச் சம்மதம், முட்டாள் என்று எழுதிக்கொடுக்கத்தான் யாருக்கும் சம்மதமில்லை.

கடைசியில் மைக்கிடமே போனேன். விற்காத சோபாவில் சாய்ந்திருந்தார்.

"தொலைநோக்கு வேணும்மா. பஸ்ல வர்றவன் அப்படி என்னத்த வாங்கிடப் போறான்?"

"ஜிப் மாத்துவான்."

"ஜிப்ப வெச்சு ஒரு வட்டாரம் முன்னேறுமா? உங்க சொந்தப் பிரச்சனைய ஊர்ப் பிரச்சனையா ஆக்காதீங்க."

"உங்க கண்ணாடில ஜனங்க சாய்ஞ்சு நின்னது மட்டும் ஊர்ப் பிரச்சனையா?"

அதற்குப் பதிலாக ஒரு வழவழப்பான கையேட்டை நீட்டினார். அட்டையில் எங்கள் தெரு. மாதிரி வணிக வீதி என்று போட்டிருந்தது. பூந்தொட்டிகள் போட்டோவில் அழகாக விழுந்திருந்தன. படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. அதற்காகப் படம் எடுத்தவர் சிரமப்பட்டிருக்க மாட்டார்.

நான் மட்டும் எழுதிக் கொடுத்தேன். என் பெயரை அடித்தார்கள். ஏகமனது இருபத்திரண்டு பேருடையதாக ஆயிற்று, கம்பம் அசையவில்லை.

மூன்றாம் மாதம் நாத்தனார் தன் மெஷினுக்கு உறை போட்டாள். ஒரு மெஷினுக்கே வேலை இல்லாத கடையில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. ஊருக்கு அந்தப் பக்கம் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். நாள் முழுக்கச் சட்டைக் காலர் மட்டும் தைக்க வேண்டுமாம். "உன்னை நான் போகச் சொல்லலம்மா" என்றேன். "நீங்க சொல்ல மாட்டீங்க அண்ணி, அதான் நானே போறேன்" என்றாள்.

முதல் நாள் அவளை வழியனுப்ப அந்த மதிலோரத்துக்குக் கூடவே நடந்தேன். அங்கே நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். பாதி முகங்கள் எனக்குத் தெரிந்தவை, அவர்களுடைய இடுப்பளவும் தெரியும். வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணின் சுடிதார் ஓரம் பிரிந்து, ஊக்கு குத்தியிருந்தது.

"கடை பக்கமே வர்றதில்லையே நீங்க. நாலு தெருதான்" என்றேன்.

அவள் சங்கடப்பட்டாள். "வரலாம்னுதான்க்கா இருந்தேன். ஆனா மொத வாரம் இந்த மதில்ல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. நாங்க அங்க நிக்கறது தெருவுக்கு அசிங்கமா இருக்குன்னு கடைக்காரங்க எல்லாரும் சேந்து எழுதிக் குடுத்ததா போட்டிருந்தது." கொஞ்சம் தயங்கினாள். "கீழ உங்க பேரும் இருந்துதுக்கா."

நான் படிக்கவில்லை, வெறும் தாளில் போட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மருந்துக் கடைக்காரரை எவ்வளவு இளக்காரமாக நினைத்திருந்தேன். எனக்கும் அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்லத் துணிவில்லை.

பேருந்து வந்தது. நாத்தனார் ஏறினாள். அந்தப் பெண்ணும் ஏறினாள்.