பாட்டில் காட்டிய ஐந்து டிகிரி

"நல்லா ஆட்டுங்க," என்றார் மருந்து ஸ்டோருக்குப் பொறுப்பான மேடம். இரண்டு மருந்துக் குப்பிகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துப் பத்துப் பதினைந்து வினாடி ஆட்டினேன். மேசைமேல் அருகருகே வைத்தேன். இரண்டும் தண்ணீர்ப் பால் மாதிரி வெளுத்துக் கலங்கி நின்றன. இடதுபக்கக் குப்பியை மேடம் நேற்றே வேண்டுமென்று ஃப்ரீசரில் போட்டுக் கல்லாக உறையவைத்து, இன்று காலையில் எடுத்து இளக விட்டிருந்தார். அது கெட்டது என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். வலதுபக்கத்துக் குப்பி எங்கள் குளிர்ப்பெட்டியின் பின்வரிசையிலிருந்து எடுத்தது. இந்தத் தடுப்பூசி மருந்து ஒருதடவை உறைந்துவிட்டால் இளகினாலும் பழையபடி ஆகாது. உள்ளே மிதக்கிற தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சீக்கிரமே அடியில் படிந்துவிடும். நல்ல மருந்து வெகுநேரம் கலங்கியே நிற்கும். அவ்வளவுதான் சோதனை. அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம், இரண்டு கண் போதும். நானாக இருந்தால் இதற்கும் ஒரு ஒயரை மாட்டித் தொலைத்திருப்பேன்.

இந்தத் தடுப்பூசி மையத்தில் நான் குளிர்ப்பெட்டி மெக்கானிக். எல்லோருக்கும் நான் 'விஞ்ஞானி'. அந்தப் பட்டம் வந்த கதை இதுதான். பெட்டிக்குள் ஒரு வெப்பமானி தொங்கும். இரண்டு டிகிரிக்குக் கீழே போனாலும் எட்டுக்கு மேலே போனாலும் அலாரம் கத்தும். கத்தட்டும், நல்லதுதான். ஆனால் நர்சுகள் கதவைத் திறந்தாலே வெளிக்காற்று பட்டு அது அலறும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. ஊசிக்கு வந்த குழந்தைகள் ஊசியைப் பார்க்கும் முன்னாலேயே அந்தச் சத்தத்துக்கு வீறிடும். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் எரிச்சல் தாங்காமல் ஒரு காலி மருந்து பாட்டிலில் கிளிசரின் நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டு, வெப்பமானியின் முனையை அதற்குள் இறக்கினேன். காற்று சட்டென்று சூடாகும், கிளிசரின் ஆகாது. மருந்துக் குப்பியும் அப்படித்தானே? அலாரம் வாயை மூடிக்கொண்டது. பெரிய பெரிய தேசங்களிலும் இதே மாதிரிதான் செய்கிறார்கள் என்று பிறகு எங்கோ படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதுவரைக்கும் தப்பில்லை. ஒயர் நீளம் பற்றாமல் பாட்டிலை மேல்தட்டில் கதவோரமாக வைத்தேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன். கதவோரம் எப்போதும் கொஞ்சம் வெதுவெதுப்பு. பாட்டில் ஏழரை காட்டியது. ஏழரை என்றாலே நமக்கு ஆகாதே! குளிரைக் கூட்டும் திருகை இரண்டு புள்ளி திருப்பினேன். ஐந்துக்கு வந்து நின்றது. அன்றிலிருந்து வெப்பமானியின் பதிவுத் தாளில் விழுந்த கோடு அளவுகோல் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடியது. மேடம் காலையும் மாலையும் அதில் கையெழுத்துப் போட்டார். மேலிடத்திலிருந்து வந்தவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, வேறு ஆறு மையங்களிலும் இதே மாதிரி வைக்கச் சொன்னார்கள். நானே போய் வைத்துவிட்டு வந்தேன். கதவோரத்தை ஐந்துக்குக் கொண்டுவர, பின்பக்கத்தை எங்கே கொண்டுபோய்த் தள்ளினேன் என்று ஒருதடவைகூட யோசிக்கவில்லை. குளிர்காற்று பின்பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பது பதினோரு வருஷமாகப் பெட்டியைக் கழற்றி மாட்டுகிறவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கோடு நேராக இருந்தது, புத்தி தூங்கிவிட்டது.

நேற்று மேடம் பின்வரிசையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தபோது அது வரவில்லை. பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"இருக்கற ஸ்டாக்கை நைசா தூக்கிப் போட்டுட்டா ஒருத்தருக்கும் தெரியாது மேடம்," என்று சொல்லிப் பார்த்தேன். சொன்னபோதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பெட்டியில இருக்கறத போட்டுடலாம். புள்ளைங்க உடம்புல ஏத்தினத என்ன பண்றது?" என்றார் மேடம்.

அதனால்தான் இந்தச் சோதனை. பத்து நிமிஷத்தில் இடது குப்பியின் மேல்பகுதி தெளிய ஆரம்பித்தது. வலது குப்பியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் தங்கையின் முகம்தான் வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை. ஐந்து மாதம் ஆகிறது. மாமன் குரல் கேட்டாலே சிரிக்கும். ஊசி போட வேண்டிய சமயத்தில், தெருமுனையிலேயே ஒரு டாக்டர் இருக்கிறார், அவரிடமே போட்டுக்கொள்கிறேன் என்றாள் தங்கை. நான் விடவில்லை. "அவரு மருந்தைத் தக்காளியோட சேர்த்து ஃப்ரிட்ஜ்ல வெச்சிருப்பாரு. இங்க கூட்டிட்டு வா. நம்ம பெட்டி, நான் பார்த்துக்கற பெட்டி," என்று வீறாப்பாகப் பேசினேன். பாவம், இரண்டு பஸ் மாறிக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் குழந்தையின் காலை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் வலது குப்பி இன்னும் கலங்கலாகத்தான் இருப்பதுபோலத் தோன்றியது.

"கோணத்தை மாத்தினா மருந்து மாறிடாது, விஞ்ஞானி," என்றார் மேடம்.

இருபதாவது நிமிஷத்தில் இரண்டு குப்பிகளிலும் மேலே கண்ணாடிபோலத் தெளிந்த நீர். அடியில் ஒரே அளவு வெள்ளைப் படிவு. எது ஃப்ரீசரில் வைத்தது, எது பெட்டியில் இருந்தது என்று லேபிளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இன்னொரு குப்பியை எடுத்து ஆட்டினோம், அதற்கடுத்து இன்னொன்று. எல்லாம் ஒரே கதைதான். வெளியே வரிசையில் ஒரு குழந்தை அழ, அதன் அம்மா "ஒண்ணுமே இல்லடா, எறும்பு கடிச்ச மாதிரிதான்டா இருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடம் எழுந்துபோய் ஊசி போடும் அறைக் கதவைச் சாத்தி, நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்று நர்சிடம் சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு பதிவேட்டைத் திறந்தார். திருகைத் திருப்பிய நாளிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். இது எங்கள் மையத்தில் மட்டும். மற்ற ஆறு இடங்களின் கணக்கு இனிமேல்தான் வர வேண்டும். "நான்தான் பண்ணேன்னு எழுதிடுங்க மேடம். திருப்பினது நான், கதவோரம் வெச்சது நான்," என்றேன்.

"கையெழுத்துப் போட்டது நானில்லையா? ரெண்டு பேரையும்தான் எழுதப் போறேன். வேலை போனா ரெண்டு பேருக்கும் போகட்டும்," என்றவர், பதிவேட்டின் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். தங்கை பெயர் இருந்த வரி அது. "மேலிடத்துக்கு நான் ஃபோன் பண்றேன். நீங்க மொதல்ல தங்கச்சிகிட்ட பேசிடுங்க. மத்தவங்க சொல்லி அவங்களுக்குத் தெரியக் கூடாது."

வராந்தாவுக்கு வந்து தங்கைக்கு ஃபோன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நான்கும் நன்றாக இல்லை. அவள் எடுத்தவுடன், "சும்மாதான் கூப்பிட்டேன். பாப்பா என்ன பண்றா?" என்றுதான் வாயில் வந்தது.

"நூறு ஆயுசு உனக்கு! இப்பதான் உன்னைப் பத்திப் பேசினோம்," என்றாள். "எதிர்வீட்டுச் சின்னப் பொண்ணுக்குக் கக்குவான் இருமலாம்ண்ணா. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க, மூச்சு விட முடியாம நீலமாயிடுச்சாம். அந்தப் பொண்ணு நேத்து வரைக்கும் நம்ம பாப்பாவைத் தூக்கி வெச்சுக் கொஞ்சிட்டிருந்தா. இவரு ஆடிப்போயிட்டாரு. நான்தான் சொன்னேன், எங்கண்ணன் பெட்டியில இருந்து கக்குவானுக்கான ஊசி மூணும் போட்டாச்சு, பேசாம இருங்கன்னு."

"அப்புறம்?" என்றேன். அப்புறம் என்ன அப்புறம், மடையா, சொல்லு என்று எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது.

"அப்புறம் ஒண்ணுமில்ல. இரு, மருமகளோட பேசு. ஸ்பீக்கர்ல போட்டு அவ பக்கத்துல வெக்கறேன், நான் பாத்திரத்தைக் கழுவி முடிச்சிடறேன்."

ஃபோனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம். அதற்கு நடுவில், மிகப் பக்கத்தில், குழந்தையின் மூச்சு. எச்சில் குமிழி விடுகிற ஓசை.

"கண்ணு," என்றேன். "மாமா பேசறேன்டா."

கெக்கே என்று சிரித்தது.

"மாமா போட வெச்ச ஊசி கெட்டுப்போன ஊசி, கண்ணு. மாமாதான் கெடுத்துட்டேன். நீ இப்பவே அம்மாவோட டாக்டர்கிட்ட போகணும். தெருமுனை டாக்டர்கிட்டயே போ. போயி எல்லாத்தையும் சொல்லச் சொல்லு."

அது இன்னும் பலமாகச் சிரித்தது. அப்பால் குழாய் நின்றது. ஒரு பாத்திரம் எதன்மேலோ மெதுவாக வைக்கப்பட்டது. குழந்தை மட்டும் காலால் தரையை உதைத்து உதைத்து, மாமன் குரல் மறுபடி வருமா என்று நடுநடுவே நிறுத்திக் காத்திருந்து, சிரித்துக்கொண்டே இருந்தது.